கோல்ஃப் வலிகளுக்கும் ஒரு நிறுவை நோட்டு: கேள்வி பதில்

மூணாறில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். தாய்மாமா கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கினார். மூன்று வருஷமாக, கோல்ஃப் ஆடுகிறவர்கள், அவர்களுக்குப் பை தூக்குகிறவர்கள் என்று விருப்பப்பட்டு வந்தவர்களின் காயங்களையும் நோய்களையும் வாரம் தவறாமல் நோட்டில் பதிந்து வருகிறேன். போன வாரம் அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். மறையூர், தேவிகுளம், போடி, குமுளி, பாலக்காடு என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் முதலில். ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்குகிறவர்களை மைதானத்தில் சொல்கிற ஆங்கிலச் சொல்லை (caddie) தமிழில் எழுதினால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. என் மாமாவை அந்தச் சொல்லால் எழுத எனக்கு மனசு வரவில்லை. பை தூக்குகிறவர் என்றே எழுதுகிறேன்.

கேள்வி (தேவிகுளம், ஓய்வு பெற்ற எஸ்டேட் அதிகாரி): முப்பது வருஷமா ஆடுறேன் அம்மா. ஃபுட்பால், கபடின்னா அடிபடும். நடந்து போய் பந்தைத் தட்டுற விளையாட்டுல காயத்துக்குக் கணக்கு எதுக்கு?

பதில்: ஐயா, நடப்பதில் பெரிய ஆபத்து இல்லை. தட்டுவதில்தான் இருக்கிறது. முழு வேகத்தில் மட்டையை வீசும்போது இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கம் முறுக்கி, நொடிக்குள் மறுபக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் கீழ் முதுகெலும்பில் விழுகிற அழுத்தம் உடல் எடையைப் போல் சுமார் 8 மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். ஒரு ரவுண்டில், அதாவது மைதானத்துக் குழிகளில் வரிசையாகப் பந்தைப் போட்டு முடிக்கிற ஒரு ஆட்டத்தில், பந்தை அடிப்பது குறைவாக இருக்கலாம். அதற்கு முன்னால் வீசிப் பார்க்கிற வெறும் வீச்சுகளையும், பயிற்சிக்காகக் கூடை கூடையாக அடித்துத் தீர்க்கிற பந்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

2003-ல் ஜெர்மனியில் 703 கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் கேள்வித்தாள் வைத்து விசாரித்து வெளியிட்ட ஆய்வில், சொல்லப்பட்ட காயங்களில் 82.6 சதவீதம் மிகைப் பயன்பாட்டால், அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் வந்தவை. ஒரே நாளில் அடிபட்டு வந்தவை 17.4 சதவீதம்தான். 2007-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 588 பேரை ஒரு வருஷம் பின்தொடர்ந்தார்கள். 100 பேருக்கு 15.8 காயம். முதலிடம் கீழ் முதுகு, அடுத்தது முழங்கை. சறுக்கி விழுந்து கை ஒடிந்தால் ஊருக்கே தெரியும். மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிற காயம் ஆடுகிறவருக்கே தெரியாது, எழுதி வைத்தால்தான் தெரியும்.

கேள்வி (மூணாறு, கிளப் உறுப்பினர்): வருஷ முடிவுல எல்லாருக்கும் ஒரு ஃபார்ம் கொடுத்து, என்னென்ன அடிபட்டுச்சுன்னு கேட்டா போதாதா மேடம்? வாரா வாரம் கேட்டா ஆளுங்க சலிச்சுக்குவாங்க.

பதில்: முதல் வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். மார்ச்சில் மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் மட்டையைத் தொடாமல் இருந்த ஒருவரிடம் நவம்பரில் அந்த ஃபார்மைக் கொடுத்தேன். "இந்த வருஷம் ஒண்ணுமே இல்ல" என்று எழுதிக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை, ஆறின வலி மறந்துபோய்விட்டது. அவர் வைத்தியத்துக்கு வந்த சீட்டை எடுத்துக் காட்டினதும் அவரே ஆச்சரியப்பட்டார்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வலி தாங்காமல் ஆட்டத்தையே விட்டவர் வருஷ முடிவில் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்க மாட்டார். ஃபார்ம் நிரப்புவது தாக்குப்பிடித்தவர்கள் மட்டும். அதை வைத்து இந்த மைதானத்தில் காயம் குறைவு என்று சொன்னால் தப்பாகிவிடும்.

சலிப்பு வராமல் இருக்க, கேட்கிற கேள்வியைச் சுருக்க வேண்டும். நார்வேயில் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆராய்ச்சி மையம் இதற்கென்றே நாலு கேள்வி வைத்திருக்கிறது. கடந்த 7 நாளில் உடம்புப் பிரச்சினையால் ஆடுவதற்குச் சிரமம் இருந்ததா? அதனால் ஆட்டத்தையோ பயிற்சியையோ எவ்வளவு மாற்றிக்கொண்டீர்கள்? ஆட்டத்திறன் எவ்வளவு பாதித்தது? வலியோ வேறு தொந்தரவோ எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்கள், அவற்றுக்கு 0, 8, 17, 25 என்று மதிப்பெண். கூட்டினால் 0 முதல் 100 வரை வரும். நாலுக்கும் பூஜ்யம் என்றால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏதாவது இருந்தால்தான் எங்கே, எப்போது, எப்படி என்று மேற்கொண்டு கேட்க வேண்டும். நான் ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறேன்.

கேள்வி (சூரியநெல்லி): அக்கா, எனக்கு ஆறு மாசமா முதுகு பிடிப்பு இருக்கு. ஆனா ஒரு ஆட்டம்கூட விட்டதில்ல. இது காயத்துல சேருமா?

பதில்: கட்டாயம் சேரும் தம்பி. ஆட்டத்தை விட்டால்தான் காயம் என்று வைத்தால் கோல்ஃபில் பாதிக் காயம் காணாமல் போய்விடும். 2008-ல் அமெரிக்க கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ், இடது முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கிற ஏசிஎல் நார் கிழிந்து, அதே காலின் கீழ்க்கால் எலும்பில் அழுத்த முறிவோடு யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஆடி ஜெயித்தார். ஒரு நாள்கூட ஆட்டம் விடவில்லை. 'ஆடாத நாள்' மட்டும் எண்ணுகிற நோட்டில் அந்த வாரம் அவர் பெயருக்கு நேரே ஒன்றுமே இருந்திருக்காது.

2020-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, எல்லா விளையாட்டுகளுக்குமாகக் காயத்தையும் நோயையும் எப்படிப் பதிவது என்று ஒரு பொது முறையை வெளியிட்டது. அதே வருஷம் அதைப் பின்பற்றி கோல்ஃபுக்கென்று தனியாகவும் ஒரு முறை பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்தது. ஆட்டத்தை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், டாக்டரிடம் போனாலும் போகாவிட்டாலும் பிரச்சினையை எழுதலாம். எவ்வளவு கடுமை என்பதற்குத்தான் விட்ட நாட்களை எண்ணுகிறோம். ஒரு நாளும் விடவில்லை, 1 முதல் 7 நாள், 8 முதல் 28 நாள், 28-க்கு மேல் என்று நாலு அடுக்கு. நீங்கள் முதல் அடுக்கில் இருக்கிறீர்கள். ஆறு மாசமாக அதே அடுக்கில் இருப்பதால்தான் உங்களை நேரில் பார்க்க விரும்புகிறேன். இந்த வாரம் வாருங்கள்.

கேள்வி (போடிநாயக்கனூர், புள்ளியியல் மாணவி): மேடம், காயங்களை எண்ணி வச்சா மட்டும் போதுமா? எதால வகுக்கணும்? எங்க பேராசிரியர் அதைத்தான் முதல்ல கேப்பார்.

பதில்: உங்கள் பேராசிரியர் சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடை தராசில் ஏறியதும் கிலோவை எழுதுவார்கள். ஒருவர் 30 கிலோ, இன்னொருவர் 20 கிலோ. முதலாமவர் கெட்டிக்காரர் என்று தோன்றும். இரண்டாமவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மத்தியானம்தான் மலைக்கு வந்தார் என்பது தெரிந்தால் கதையே மாறும். காயமும் அப்படித்தான். எத்தனை காயம் என்பதோடு எத்தனை மணி நேர ஆட்டத்தில் என்பதும் வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. 24 பேர், வாரத்துக்கு ஆளுக்கு 2 ரவுண்டு, 12 வாரம். மொத்தம் 576 ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு 4 மணி நேரம் என்றால் 2,304 மணி நேரம். அந்தக் காலத்தில் 7 புதிய காயங்கள். 7-ஐ 2,304-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் 1,000 மணி நேரத்துக்குச் சுமார் 3.

இப்போது அதே 24 பேரும் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சிப் பந்து அடிப்பது எனக்குத் தெரியவருகிறது. 432 மணி நேரம் கூடுகிறது. மொத்தம் 2,736. விகிதம் சுமார் 2.6 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரு காயமும் குறையவில்லை, வகுத்த எண்தான் மாறியது. ஒரு மைதானத்தில் பயிற்சி நேரத்தைச் சேர்த்து, இன்னொன்றில் சேர்க்காமல் இரண்டையும் ஒப்பிட்டால் கிடைப்பது வெறும் குழப்பம். ஆட்ட நேரம், பயிற்சி நேரம், ஆடிய குழிகளின் எண்ணிக்கை மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதச் சொல்வது அதனால்தான். எங்கள் மாதிரி 9 குழி மைதானத்தில் சிலர் ஒரு சுற்றோடு வீட்டுக்குப் போவார்கள், சிலர் இரண்டு சுற்று ஆடி 18 ஆக்குவார்கள். 'ஒரு ரவுண்டு' என்று மட்டும் எழுதினால் எது என்று பிறகு தெரியாது.

இன்னொன்றும் உண்டு. கோல்ஃபில் வலி மெதுவாக வந்து மாதக்கணக்கில் தங்குகிறது. புதிதாக எத்தனை வந்தது என்ற கணக்கில் ஆறு மாச முதுகுவலி ஒரே ஒரு தடவைதான் வரும். அதனால் இந்த வாரம் எத்தனை பேருக்கு வலி இருக்கிறது என்பதையும் தனியே எடுக்க வேண்டும். 24 பேரில் 9 பேருக்கு என்றால் 37.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மைதானத்தின் உண்மை நிலை தெரியும். 24 பேர் மிகச் சிறிய கூட்டம் என்பதையும் உங்கள் பேராசிரியருக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு காயம் கூடினால் விகிதம் துள்ளும். ஒரு சீசனை வைத்து முடிவு கட்டக் கூடாது.

கேள்வி (பூப்பாறை, ஏலத்தோட்டக்காரர்): எனக்கு வலது முழங்கை வலி. டாக்டர் கோல்ஃபர்ஸ் எல்போன்னு சொல்லிட்டார். ஆனா நான் கோல்ஃப் வாரத்துக்கு ஒரு தடவைதான் ஆடுறேன். தோட்டத்துல மருந்தடிக்கிற பம்பை தினமும் பிடிக்கிறேன். இதை எதுல எழுதுவீங்க?

பதில்: அண்ணாச்சி, நோய்க்கு வைத்த பெயரை வைத்துக் காரணத்தை முடிவு செய்யக் கூடாது. கோல்ஃபர்ஸ் எல்போ என்றால் முழங்கையின் உட்பக்க மேட்டில், மணிக்கட்டை மடக்குகிற தசைகளின் நாண் ஒட்டுகிற இடத்தில் வருகிற வலி. கோல்ஃப் பந்தையே பார்க்காதவர்களுக்கும் அது வரும். அதேபோல் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு வெளிப்பக்க வலியும் நிறைய வருகிறது. வலக்கைக்காரருக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கம், வலது முழங்கையின் உட்பக்கம் என்பது பொதுவான ஜாடை.

நோட்டில் இதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்: கோல்ஃபால் நேரடியாக வந்தது, கோல்ஃபோடு மறைமுகத் தொடர்புள்ளது, தொடர்பில்லாதது. உங்களுடையது பம்பாலா மட்டையாலா என்று எனக்கு இப்போது தெரியாது. ஒரு மாசம் எந்த நாளில் மருந்தடித்தீர்கள், எந்த நாளில் ஆடினீர்கள், எந்த நாளில் வலி ஏறியது என்று தேதியோடு எழுதுங்கள். அதற்குள் பம்புப் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பருமனாக்குங்கள். மட்டைப் பிடியையும் லேசாக விடுங்கள்.

கேள்வி (பாலக்காடு): இடது உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கம் மூணு மாசமா வலி. எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க. சுளுக்குன்னு கட்டு போட்டாங்க. மட்டையைப் பிடிச்சா உயிர் போகுது.

பதில்: இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வலக்கைக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது அதன் அடி நுனி இடது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்க மேட்டில் உட்காரும். அதற்கு நேர் கீழே ஹேமேட் என்கிற சிறிய எலும்பு, கொக்கி மாதிரி ஒரு நீட்டலோடு இருக்கிறது. மட்டை தரையிலோ வேரிலோ கல்லிலோ இடித்தால் அந்தக் கொக்கி முறியலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது பல நேரம் தெரியாது. மணிக்கட்டுக் குகையைக் காட்டுகிற கோணத்தில் தனி எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பையனுக்கு இதே கதை நடந்தது. பங்கரில் (மைதானத்து மணல் பள்ளத்தில்) ஓங்கி அடித்தபோது மணலுக்குக் கீழே இருந்த பாறையில் மட்டை பட்டது. இரண்டு இடத்தில் காட்டியும் சுளுக்கு என்றார்கள். என்னிடம் வந்தபோது சுண்டுவிரலில் மரமரப்பு தொடங்கியிருந்தது. அந்த மேட்டில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். சிடி எடுத்த பிறகுதான் தெரிந்தது. எலும்பு மருத்துவரிடம் 'கோல்ஃப் ஆடுகிறேன், மட்டையின் நுனி இந்த இடத்தில் படுகிறது' என்று தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். நோட்டில் 'கை வலி' என்று எழுதினால் பிற்பாடு யாருக்கும் பிரயோஜனமில்லை. எந்தக் கை, எந்தப் பக்கம், எந்த ஷாட்டில் என்று எழுத வேண்டும்.

கேள்வி (குமுளி): போன வருஷம் ஆறின முட்டி வலி திரும்ப வந்திருக்கு. புதுசா எழுதணுமா, பழசோட சேர்க்கணுமா?

பதில்: முழுசாக ஆறி, பழையபடி ஆடத் தொடங்கிய பிறகு அதே இடத்தில் அதே பிரச்சினை வந்தால் மறுகாயம் என்று தனி வரி. ஆறுவதற்குள் கூடியிருந்தால் பழைய வரியிலேயே, கூடிய தேதியோடு. முழுசாக ஆறியதா என்று தெரிய, ஆறின தேதியையும் எழுதியிருக்க வேண்டும். நிறைய பேர் அதை எழுதுவதில்லை.

கேள்வி (மறையூர்): காயம் சரி, நோயை ஏன் எழுதுறீங்க? சளி காய்ச்சலுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நம் நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை நினைத்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நாலாம் இடம், பதக்கம் மயிரிழையில் போனது. அதற்குச் சில வாரம் முன்னால் அவருக்குக் கோவிட் வந்து உடம்பில் தெம்பு குறைந்திருந்தது, பந்து முன்னைப்போல் தூரம் போகவில்லை என்று அவரே சொன்னார். எலும்பும் தசையும் மட்டும் எழுதுகிற நோட்டில் அதற்கு இடமே இருக்காது.

நம் மலையில் இன்னும் சில உண்டு. புதருக்குள் போன பந்தைத் தேடும்போது கடிக்கிற உண்ணி போன்ற சிறு பூச்சியால் ஸ்க்ரப் டைபஸ் என்கிற காய்ச்சல் வரும். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், கடித்த இடத்தில் சில பேருக்குக் கரிப் பொருக்கு. அது பெரும்பாலும் இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ மறைந்திருக்கும், தேடினால்தான் தெரியும். தேங்கிய தண்ணீரில் கை விட்டுப் பந்தெடுப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல், காலில் வெட்டுக் காயம் இருந்தால் இன்னும் சுலபமாக. இரண்டும் வேளையோடு மருந்து எடுத்தால் தீரும், தாமதமானால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்த நாளை மட்டும் எழுதாமல், அதற்கு முந்திய மூன்று வாரம் எங்கே பந்து தேடினீர்கள் என்பதையும் எழுதினால் டாக்டருக்கு அது பெரிய துப்பு.

வெயிலும் இருக்கிறது. குளிராக இருப்பதால் இங்கே வெயில் இல்லை என்று நினைக்கிறோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். காது நுனியிலும் பின்கழுத்திலும் ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்றால் நோட்டைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி (மூணாறு, பை தூக்குகிறவர்): அக்கா, நீங்க எழுதுறதெல்லாம் ஆடுற சாருங்களுக்கு. எனக்கு வலது தோளும் இடுப்பும் பத்து வருஷமா போச்சு. எங்களை எந்தக் கணக்குல எழுதுவாங்க?

பதில்: அண்ணே, இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன்.

என் மாமா சட்டையைக் கழற்றினால் வலது தோளில் ஒரு பட்டை அகலத்துக்குத் தோல் கருத்துத் தடித்திருக்கும். அவருடைய எல்லாச் சட்டையும் அந்த ஒரு இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். ராத்திரி படுக்கும்போது அத்தை உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார். அம்மா பறித்த கொழுந்து கிலோ கிலோவாக எழுத்தில் இருந்தது. மாமா சுமந்த எடையை யாரும் எழுதவில்லை. போன வருஷம் ஒரு பையைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 14 மட்டை, பந்துகள், குடை, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 15 கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு 18 குழி என்றால் எட்டு, பத்து கிலோமீட்டர். நம் மைதானத்தில் அதில் பாதி ஏற்றம், மீதி ஈரப் புல்லில் இறக்கம்.

முன்னால் சொன்ன அந்த ஜெர்மன் ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. தங்கள் பையைத் தாங்களே தூக்குகிற ஆட்டக்காரர்களுக்குக் கீழ் முதுகு, தோள், கணுக்கால் மூன்றும் கூடுதலாகக் கெடுகின்றன. ஒரு பையை, ஒரு நாளைக்கு ஒரு தடவை தூக்கியவர்களுக்கே அப்படி என்றால், சீசனில் காலையும் மத்தியானமுமாக இரண்டு நடை போகிற உங்களை என்ன சொல்ல?

நோட்டில் உங்களுக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். ஆட்டக்காரர் பக்கத்தை அப்படியே காப்பியடித்தால் உங்களுக்குப் பொருந்தாது. ஆட்டக்காரருக்கு வலித்தால் வீட்டில் இருப்பார். உங்களுக்கு அன்றைய கூலி போகும், அதனால் வலியோடு வருவீர்கள். விட்ட நாளை வைத்துக் கடுமையை அளந்தால் உங்கள் முதுகு ரொம்ப ஆரோக்கியமானது என்று தப்பான முடிவு வரும். அதனால் உங்கள் பக்கத்தில் விட்ட நாளை விட, தூங்க முடிந்ததா, குனிந்து பந்தெடுக்க முடிந்ததா, தோள் மாற்றிப் போட வேண்டியிருந்ததா என்று கேட்கிறேன். ஆடிய மணிக்குப் பதிலாகச் சுமந்த மணியும் எத்தனை கிலோவும். பந்து பட்ட சம்பவத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, வலிக்காவிட்டாலும் எழுத வேண்டும். பந்து 46 கிராம்கூட வராது, ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பந்து விழுகிற இடம் பார்க்க முன்னால் போய் நிற்பவர் நீங்கள்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: இரண்டு பட்டை உள்ள பையைக் கேளுங்கள், முதுகில் இரண்டு தோளிலும் மாட்டலாம். ஒற்றைப் பட்டை என்றால் மூன்று குழிக்கு ஒரு தடவை தோள் மாற்றுங்கள். ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பையைப் பிரித்துப் பாருங்கள், தேவையில்லாத இரண்டு கிலோவாவது உள்ளே இருக்கும்.

கேள்வி (அதே ஊர், பெயர் வேண்டாம் என்றவர்): வலி இருக்குன்னு எழுதிக் கொடுத்தா, இவனால முடியாதுன்னு வேலைக்குக் கூப்பிடாம விட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயமானது. அதனால் நோட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யார் என்ற சீட்டு வேறு இடத்தில், என் பூட்டில். மொத்தக் கணக்கைத்தான் வெளியே சொல்வேன். ஐந்து பேருக்குக் குறைவான கூட்டமென்றால் அதையும் சொல்ல மாட்டேன், ஊர் சின்னது, ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் விலகலாம், உங்கள் பக்கத்தைக் கிழித்து உங்கள் கையிலேயே தருவேன்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து வாரக்கடைசியில் வந்து ஆடுபவர்): கோல்ஃப் ஆடினா ஆயுள் கூடும்னு ஸ்வீடன்ல ஆராய்ச்சி இருக்கே? நீங்க காயம் காயம்னு பயமுறுத்துறீங்க.

பதில்: இருக்கிறது. 2008-ல் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம் சுமார் 3 லட்சம் ஸ்வீடன் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் சொன்னது: அதே வயது, பாலினம், பொருளாதார நிலையில் உள்ள மற்றவர்களைவிட இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு. நடை, வெளிக்காற்று, நாலு பேரோடு பேச்சு எல்லாம் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே திடமாக இருப்பவர்தான் கோல்ஃப் ஆட வருகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. எழுபது வயது வரை ஆட வேண்டும் என்றால் நாற்பதில் வந்த முதுகுவலியைக் கவனித்திருக்க வேண்டும். நீங்கள் காரிலிருந்து இறங்கி நேரே முதல் டீயில் (ஆட்டம் தொடங்குகிற இடம்) டிரைவரை (தூரமாக அடிக்கிற மட்டை) எடுக்கிற ஆள் என்றால், அதற்கு முன் 10 நிமிஷம் உடம்பைச் சூடாக்குங்கள். ஜனவரிக் காலையில் இங்கே புல்லில் பனி உறைந்திருக்கும், அப்போது 15 நிமிஷம்.

கேள்வி (அடிமாலி): மின்னல் பயம் உள்ள நாள்ல ஆடலாமா?

பதில்: கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள் இருந்தால் உடனே கட்டடத்துக்குள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே. மரத்தடியும் குடையும் பாதுகாப்பில்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் லீ டிரெவினோ 1975-ல் ஆட்டத்துக்கு நடுவே மின்னல் தாக்கி, முதுகில் அறுவைச் சிகிச்சை வரை போனார். சித்திரை, ஐப்பசி பிற்பகல்களில் நம் மலையில் மேகம் கூடுகிற வேகம் உங்களுக்கே தெரியும். ஆட்டத்தை நிறுத்திய நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

கேள்வி (மறையூர், பள்ளி விளையாட்டு ஆசிரியர்): நாங்களும் ஒரு நோட்டு போடலாம்னு இருக்கோம். இப்ப மழை, ஆட்டமே இல்ல. சீசன் தொடங்கட்டும்னு விட்டுடலாமா?

பதில்: வேண்டாம் சார், இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். ஆடாத வாரத்துக்கு நேரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். அதுவும் ஒரு தகவல்தான். ஆடாதபோதும் முதுகு வலிக்கிறது என்றால் காரணத்தை வேறு எங்கோ தேட வேண்டும். மழை நின்றதும் எல்லோரும் ஒரே வாரத்தில் பழைய அளவுக்குப் பந்தடிக்கத் தொடங்குவார்கள். அந்த முதல் மூன்று வாரத்தில்தான் எனக்கு ஆள் அதிகம் வருகிறார்கள். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க முந்திய வாரங்கள் கையில் இருக்க வேண்டும்.

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு இரண்டு பக்கம். முதல் வரியில் இன்றைக்கு உடம்பில் ஏற்கெனவே இருக்கிற வலிகளை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது பழைய கணக்கு, அதைப் புதுக் காயமாக எண்ண வேண்டாம். பை தூக்குகிற பிள்ளைகள் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் அவர்களுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதல் மாசம் முடிந்ததும் நோட்டோடு ஒரு நடை வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.